அச்சுத்தண்டு முறியும் காரணமும் மாற்றும் முறையும்

நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம் தரவல்ல ஜீப் வண்டி ஒன்று பாரம் ஏற்றிக்கொண்டு கரடுமுரடான மலைப்பாதையில் ஏறும்போது அதன் பின் அச்சுத்தண்டு முறியுமானால், அந்தச் செய்தியை ஓட்டுநருக்கு அறிவிப்பது பெரும்பாலும் வண்டியின் அடியிலிருந்து எழும் ஒரேயொரு உலோக ஓசைதான். அதற்குப் பின்னும் எஞ்சின் வழக்கம்போல் முழங்குகிறது; கியர் சரியாக விழுகிறது; கிளச்சை விட்டால் புரொப்பல்லர் ஷாஃப்ட் சுழலும் சப்தமும் தெளிவாகக் கேட்கிறது. இத்தனை இருந்தும் வண்டி மாத்திரம் நின்ற இடத்தை விட்டு அசைவதில்லை. முறிந்தது ஒரு பக்கத்துத் தண்டு மட்டுமே. மறுபக்கத்துத் தண்டும் சக்கரமும் யாதொரு பழுதுமின்றி இருக்கின்றன. அப்படியிருக்க, நல்ல சக்கரமும் ஏன் செயலற்றுப் போகவேண்டும்? முன் சக்கரங்களை இணைக்கும் சிறு நெம்புகோலைத் தள்ளியவுடன் அதே வண்டி மெல்ல நகரத் தொடங்குவதன் ரகசியம் என்ன?

இக்கேள்விகளுக்கு விடை தேடப் புகுவோருக்கு, சேறும் எண்ணெயும் படிந்த அந்த இரும்புக் கூட்டுக்குள் யந்திர சாஸ்திரத்தின் மிக அழகான தத்துவங்கள் சில குடியிருப்பது விளங்கும். பின் அச்சுத்தண்டை மாற்றுவது, சாதாரணக் கருவிகளோடு பொறுமையும் ஜாக்கிரதையும் உடையவர் எவரும் செய்யக்கூடிய காரியமே; ஆனால் பழைய தண்டு ஏன் முறிந்தது என்பதை அறியாமல் புதிய தண்டை உள்ளே செருகுகிறவர், அடுத்த முறிவுக்கு நாள் குறித்துவைக்கிறார் என்றே சொல்லவேண்டும். ஆகையால் மாற்றும் முறையைச் சொல்லுவதற்கு முன், முறியும் காரணத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம்.

உதாரணத்துக்கு நாம் எடுத்துக்கொள்ளும் வாகனம், இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிறந்த வில்லிஸ் ஜீப். அமெரிக்க ராணுவம் 1940ஆம் ஆண்டில் விரும்பிக் கேட்ட இலேசான வேவு வண்டிக்கு முதல் மாதிரியை பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் நகரிலிருந்த பான்டம் கம்பெனி செய்து கொடுத்தது. பின்னர் ஒஹையோ மாநிலத்து டொலீடோ நகரின் வில்லிஸ்-ஓவர்லாண்டு கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியும் சேர்ந்து, யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளை உற்பத்தி செய்தன. யுத்தத்துக்குப் பின் அதன் வம்சத்து வண்டிகளை மஹிந்திரா கம்பெனி பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது. அவ்வழியாகவே நம் நாட்டு மலைத்தோட்டங்களுக்கும் காட்டுப்பாதைகளுக்கும் ஜீப் அறிமுகமாயிற்று. பின் அச்சின் அமைப்பில் அந்த ராணுவ ஜீப்புக்கும் அதன் வழிவந்த சிவில் ஜீப்புக்கும் இடையே ஒரு முக்கியமான வேற்றுமை உண்டு. அது நம் விஷயத்துக்கு மிகவும் வேண்டியதாகையால் பிறகு அதற்கு வருவோம்.

எஞ்சினில் பிறக்கும் சுழற்சி, கியர்ப்பெட்டியையும், அதை அடுத்து முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இயக்கத்தைப் பங்கிட்டு அனுப்பும் டிரான்ஸ்ஃபர் பெட்டியையும் கடந்து, புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் வழியாகப் பின் அச்சுக்கூட்டை வந்தடைகிறது. அங்கே பினியன் என்னும் சிறு பற்சக்கரம், கிரவுன் வீல் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுற்றுகிறது. கிரவுன் வீலுடன் பிணைந்திருக்கும் டிஃபரன்ஷியல் அந்தச் சுழற்சியை இடப்புறத்துக்கு ஒன்றும் வலப்புறத்துக்கு ஒன்றுமாக இரண்டு அச்சுத்தண்டுகளுக்கு வழங்குகிறது. ஒவ்வொரு தண்டின் உள்முனையிலும் நீளவாட்டில் வெட்டப்பட்ட ஸ்ப்லைன் என்னும் பற்கள், டிஃபரன்ஷியலின் பக்கப் பற்சக்கரத்துக்குள் பொருந்தி நிற்கின்றன. வெளிமுனை சக்கரத்தின் ஹப்போடு இணைகிறது. எஞ்சின் தரும் சக்தி அனைத்தும் தரையை அடைவதற்குமுன் கடைசியாகக் கடக்கவேண்டிய பாலம் இத்தண்டே.

பாரிஸ் நகரத்துக் கடிகாரக் கலைஞரான ஒனேசிஃபோர் பெக்கர் என்பவர், 1820களின் பிற்பகுதியில் நீராவி வண்டி ஒன்றுக்காக டிஃபரன்ஷியலுக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைக் காட்டிலும் அதிகத் தூரம் ஓடவேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழலுவதற்கு இடம் கொடுப்பதே அதன் நோக்கம். இதற்கு அடிப்படையான விதிகள் இரண்டு. கிரவுன் வீலின் வேகம் எப்போதும் இரு பக்கத் தண்டுகளின் வேகங்களுடைய சராசரியாகவே இருக்கும் என்பது முதல் விதி. உராய்வைப் புறக்கணித்துவிட்டால், இரு தண்டுகளுக்கும் செல்லும் முறுக்குவிசை எப்போதும் சமமாகவே இருக்கும் என்பது இரண்டாவது விதி. ஒரு தண்டு முறிந்தால் அப்பக்கத்தில் எதிர்த்து நிற்பது எதுவும் இல்லை. எதிர்ப்பு இல்லாத இடத்தில் முறுக்குவிசையும் இல்லை. ஒரு பக்கத்தில் அது பூஜ்யமாகிவிட்டால், சமத்துவ விதியின்படி மறுபக்கத்திலும் அது பூஜ்யமே. ஆகவே நல்ல சக்கரம் தரையில் அசையாது நிற்க, முறிந்த துண்டு கூட்டுக்குள் கிரவுன் வீலைப்போல் இரு மடங்கு வேகத்தில் வீணே சுழல்கிறது. முன் அச்சை இணைத்ததும் வண்டி நகருவதற்குக் காரணம், முன் சக்கரங்களுக்குத் தனி டிஃபரன்ஷியல் இருப்பதும், டிரான்ஸ்ஃபர் பெட்டி முன் பின் இரு புரொப்பல்லர் ஷாஃப்ட்டுகளையும் ஒரே வேகத்தில் பிணைத்துவிடுவதுமேயாகும்.

இனி, ஒரு தண்டு சுமக்கும் முறுக்குவிசை எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். யுத்தகால வில்லிஸ் ஜீப்பின் எஞ்சின் தரவல்ல அதிகபட்ச முறுக்குவிசை 105 பவுண்டு-அடி, அதாவது சுமார் 142 நியூட்டன்-மீட்டர். முதல் கியர் அதை 2.67 மடங்காகவும், டிரான்ஸ்ஃபர் பெட்டியின் தாழ்நிலை மேலும் 1.97 மடங்காகவும், கிரவுன் வீலும் பினியனும் 4.88 மடங்காகவும் பெருக்குகின்றன. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 25.6 மடங்கு. பற்சக்கரங்களில் ஏற்படும் நஷ்டத்தை நீக்கிப் பாராவிட்டால், பின் அச்சை வந்தடையக்கூடியது சுமார் 3,640 நியூட்டன்-மீட்டர். முன் சக்கரங்கள் சேற்றில் பிடிப்பின்றி வழுக்கி, சுமை முழுவதும் பின் அச்சின்மேல் விழுமானால், ஒவ்வொரு தண்டின் பங்கும் சுமார் 1,820 நியூட்டன்-மீட்டர் ஆகிறது. சமதரையில் மேல் கியரில் எஞ்சினை முழுதாக இயக்கினாலும் ஒரு தண்டுக்கு வருவது சுமார் 350தான். தாழ்ந்த கியரில் பாறைமேல் ஏறும் தண்டு, நெடுஞ்சாலையில் ஓடும் தண்டைவிட ஐந்து மடங்கு முறுக்கத்தைத் தாங்கவேண்டி வருகிறது என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் ஒரு சக்கரத்தின் டயர் தரையில் பிடித்து நிற்கும் சக்திக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு பின் சக்கரத்தின்மேல் 400 கிலோகிராம் பாரம் அழுந்துகிறது என்று கொண்டால், நல்ல உலர்ந்த தரையில்கூட சுமார் 1,100 நியூட்டன்-மீட்டருக்கு மேற்பட்ட முறுக்குவிசை வரும்போது டயர் வழுக்கிவிடும். அவ்வழுக்கலே தண்டைக் காக்கும் பாதுகாப்பாக அமைகிறது. சக்கரம் இரு பாறைகளுக்கிடையே ஆப்புப்போல் சிக்கிக்கொண்டு வழுக்க இயலாமல் நிற்கும்போதும், சேற்றில் வெகுவேகமாகச் சுழன்றுகொண்டிருந்த சக்கரம் திடீரென்று உறுதியான கல்லைப் பற்றிக்கொள்ளும்போதும் அந்தப் பாதுகாப்பு மறைந்துவிடுகிறது. மெல்ல மெல்ல ஏற்றப்படும் சுமையைக் காட்டிலும் திடீரென்று ஏற்றப்படும் அதே சுமை இரு மடங்கு தகைவை உண்டாக்கும் என்பது பொருள்களின் வலிமையைக் கற்பவர்கள் முதலில் அறியும் பாடங்களில் ஒன்று; அதோடு வேகமாகச் சுழலும் ஃபிளைவீலில் சேர்ந்திருக்கும் சக்தியும் கூடிக்கொண்டால் விளைவு இன்னும் கொடியதாகிறது. அச்சுத்தண்டு முறிவதற்கு எஞ்சினின் வலிமையைவிட ஓட்டுகிறவரின் அவசரமே அதிகக் காரணமாவது இதனால்தான்.

முறுக்கப்படும் உருண்டைத் தண்டுக்குள் நிகழ்வதையும் சற்றுக் கவனிப்போம். தண்டின் மையத்தில் முறுக்கத் தகைவு பூஜ்யம். மையத்திலிருந்து விலக விலக அது சீராக உயர்ந்து மேற்பரப்பில் உச்சத்தை அடைகிறது. விட்டத்தில் பாதியளவான உள்கருவை முழுவதும் குடைந்து எறிந்துவிட்டாலும், தண்டின் முறுக்கவலிமையில் 16இல் ஒரு பங்குதான் குறையும்; மற்ற 15 பங்கையும் தாங்குவது வெளிப்பகுதியே. ஆகவேதான் இத்தண்டுகளின் மேற்பரப்பை வெப்பப் பதப்படுத்தலால் மிகக் கடினமாக்கி, உள்கருவை அதிர்ச்சி தாங்கும் மென்மையோடு விட்டுவைக்கிறார்கள். மேற்பரப்பில் விழும் ஆழ்ந்த கீறல், துருக்குழி, உளியின் தடம் ஆகியவை பார்வைக்கு அற்பமாயினும் தண்டுக்குப் பெரும் கேடாவதும் இதே காரணத்தால்தான். விட்டத்தைச் சற்றுக் கூட்டினாலும் வலிமை வெகுவாகக் கூடும். அது விட்டத்தின் முப்படியைப் பொறுத்ததாகையால், 30 மில்லிமீட்டர்த் தண்டை 33 மில்லிமீட்டர் ஆக்கினால் வலிமை மூன்றில் ஒரு பங்கு உயருகிறது.

30 மில்லிமீட்டர் விட்டமும் 70 சென்டிமீட்டர் நீளமும் உள்ள எஃகுத் தண்டு ஒன்று, முன்சொன்ன 1,820 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசையைத் தாங்கும்போது, அதன் ஒரு முனை மறுமுனையைவிடச் சுமார் 11 பாகை திரும்பி நிற்கும் என்று கணக்குக் காட்டுகிறது. முறுக்கம் நீங்கியதும் தண்டு பழைய நிலைக்கு மீளுகிறது. இவ்வாறு வளைந்து கொடுக்கும் தன்மை அதிர்ச்சியை ஏற்று ஆற்றுவதால், நல்ல தண்டு ஒருவிதத்தில் முறுக்கச் சுருளின் வேலையையும் செய்கிறது. எல்லை கடந்து முறுக்கப்பட்டால் மாத்திரம் அது மீளாமல் நின்றுவிடும். பிரித்தெடுத்த தண்டின் ஸ்ப்லைன் பற்கள் நேர்கோட்டில் இல்லாமல் சற்றே திருகியிருக்குமானால், தண்டு முறியாவிட்டாலும் அதன் ஆயுள் முடிந்துவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

ஆனால் எல்லா முறிவுகளும் ஒரே அடியில் நேர்ந்தவை அல்ல. 1842ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் தேதி, வெர்சேய் நகரத்து விழாவைக் கண்டு பாரிஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றியதில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நெடுங்காலம் நன்றாக உழைத்த அச்சு ஒரு நாள் திடீரென்று முறிவானேன் என்ற கேள்வி அறிஞர்களை வாட்டியது. ஸ்காட்லாந்து தேசத்து இளம் எஞ்சினீயர் வில்லியம் ராங்கின், அச்சின் விட்டம் சட்டென்று மாறும் கூரிய மூலையில் நுண்ணிய விரிசல் தோன்றிச் சிறிது சிறிதாக உள்நோக்கிப் படருவதைக் கண்டறிந்து, அம்மூலைகளை வளைவாகச் செய்யவேண்டுமென்று 1843இல் எடுத்துரைத்தார். அதன்பின் பிரஷ்ய ரயில்வேயில் பணிபுரிந்த ஔகுஸ்ட் வோலர், அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி வளைத்துப் பார்க்கும் பரிசோதனைகளைப் பல ஆண்டுகள் இடைவிடாமல் நடத்தி, ஒரு முறை சுமந்தால் சற்றும் தீங்கு செய்யாத பாரமே, லட்சக்கணக்கான முறை மாறி மாறி வருமானால் எஃகை முறித்துவிடும் என்பதையும், ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே தகைவு நிற்குமானால் எத்தனை முறை வந்தாலும் எஃகு தாங்கும் என்பதையும் நிறுவினார். உலோகக் களைப்பு என்று இன்று நாம் வழங்கும் சாஸ்திரம் முழுவதற்கும் ரயில் அச்சின் முறிவே பிறப்பிடம்.

இப்போது ராணுவ ஜீப்புக்கும் சிவில் ஜீப்புக்கும் உள்ள வேற்றுமைக்கு வருவோம். யுத்தகால ஜீப்பின் பின் அச்சு முழு மிதவை அமைப்பு உடையது. அதில் வண்டியின் பாரத்தைச் சுமப்பது அச்சுக்கூட்டின் குழாயே. அக்குழாயின் முனையில் இரண்டு கூம்பு உருளை பேரிங்குகளின்மேல் ஹப்பும் சக்கரமும் சுழலுகின்றன. உள்ளே செல்லும் தண்டுக்கு முறுக்குவதைத் தவிர வேறு சுமை கிடையாது. பிற்காலத்துச் சிவில் ஜீப்புகளில் அரை மிதவை அமைப்பு வந்தது. அதில் சக்கரம் தண்டின் முனையிலேயே பூட்டப்படுகிறது. முறுக்கத்தோடு பாரத்தையும் திருப்பத்தில் வரும் பக்கவாட்டு விசையையும் தண்டே தாங்கவேண்டும். ஜீப்பின் சக்கரம் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் சுமார் 440 முறை சுற்றுகிறது; ஒவ்வொரு சுற்றிலும் அரை மிதவைத் தண்டு ஒரு முறை மேலும் கீழுமாக வளைகிறது. 10,000 கிலோமீட்டர் ஓடினால் 44 லட்சம் வளைவுகள்! வோலரின் பரிசோதனையை அந்த வண்டி ஒவ்வொரு நாளும் பாதையிலே நடத்திக்கொண்டிருக்கிறது. முழு மிதவைத் தண்டு முறிந்தாலும் சக்கரம் தன் இடத்திலேயே நிற்கும். அரை மிதவைத் தண்டு முறிந்தாலோ, சக்கரமே வண்டியை விட்டுக் கழன்று ஓடும் அபாயம் உண்டு. ஆகையால் முன் அச்சின் துணைகொண்டு மெல்ல வீடு திரும்பலாம் என்ற சலுகை முழு மிதவை அச்சுக்கு மாத்திரமே உரியது.

முறிந்த தண்டைக் கையில் எடுத்தவுடன் செய்யவேண்டிய முதல் காரியம், முறிவின் முகத்தைத் துடைத்து நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது. சுண்ணக்கட்டியை இரு கைகளாலும் பிடித்து முறுக்கினால், அது அச்சுக்கு 45 பாகை சாய்ந்த திருகுவடிவில் உடைவதை எவரும் கண்டறியலாம். மிகக் கடினமாகப் பதப்படுத்தப்பட்டு நொறுங்கும் தன்மை அடைந்த எஃகும் முறுக்கத்தில் அவ்வாறே உடைகிறது. வளைந்து கொடுக்கும் தன்மையுள்ள எஃகு அளவுக்கு மீறிய ஒரே முறுக்கத்தில் முறிந்தால், முறிவு தண்டுக்குக் குறுக்கே தட்டையாகவும், மையத்தைச் சுற்றிய சுழல்வரிகளோடும் காணப்படும். களைப்பினால் நேர்ந்த முறிவோ வேறுவிதம்: ஓரிடத்தில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து செல்லும் மெல்லிய வரிகள் கொண்ட வழவழப்பான பகுதியும், கடைசியில் மீதமிருந்த உலோகம் சட்டென்று அறுந்த சொரசொரப்பான பகுதியும் அதில் சேர்ந்திருக்கும். வழவழப்பான பகுதி அதிகமாயிருந்தால், விரிசல் வெகுகாலமாக உள்ளே வளர்ந்துகொண்டிருந்தது என்று பொருள். ஸ்ப்லைன் பற்களின் அடியிலிருந்து பல விரிசல்கள் ஒருங்கே புறப்பட்டால், முறிவின் முகம் நட்சத்திரம்போல் தோன்றுவதும் உண்டு.

இவ்வாறு படித்தறிவது வெறும் ஆராய்ச்சி ருசிக்காக அன்று. முறிவு ஒரே அடியில் நேர்ந்ததென்றால், ஓட்டும் முறையையும் ஏற்றிய பாரத்தையும் திருத்தவேண்டும். களைப்பினால் நேர்ந்ததென்றால் வேறு காரணம் தேடவேண்டும்: அச்சுக்கூடு வளைந்திருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம், ஹப்பின் பூட்டு தளர்ந்திருக்கலாம். முன் பின் அச்சுகளை ஒரே வேகத்தில் பிணைக்கும் வண்டியை, உலர்ந்த தார்ச்சாலையிலும் நான்கு சக்கர இயக்கத்திலேயே ஓட்டும் பழக்கமும் காரணமாகலாம். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் செல்லுகின்றன. டயர் வழுக்கி அவ்வேற்றுமையைத் தீர்க்கச் சேறோ மணலோ இல்லாத இடத்தில், அது முழுவதும் தண்டுகளில் முறுக்கமாகத் தேங்கி நிற்கிறது. முன்னும் பின்னும் வெவ்வேறு அளவுள்ள டயர்களை மாட்டினால் நேர்ப்பாதையிலும் இதே தொல்லை.

மாற்றும் வேலையில் முதல் எச்சரிக்கை கைபிரேக்கைப் பற்றியது. வில்லிஸ் ஜீப்பின் கைபிரேக், பல பழைய லாண்டு ரோவர்களில் உள்ளதுபோலவே, சக்கரங்களைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்னால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. ஒரு பின் தண்டு முறிந்தாலோ, உருவப்பட்டாலோ, ஒரு பின் சக்கரம் ஜாக்கியில் தூக்கப்பட்டாலோ, டிஃபரன்ஷியல் மறுசக்கரத்தைத் தாராளமாக உருள விட்டுவிடும். கைபிரேக்கை எவ்வளவு இறுக்கினாலும், கியரில் நிறுத்தினாலும், பின் அச்சு வண்டியைப் பிடித்து நிறுத்தாது. சரிவில் இந்த உண்மையை மறந்தவர் உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொள்ளுகிறார். ஆகையால் சமதரையில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கட்டை வைத்து, முன் அச்சையும் இணைத்து, தூக்கிய பகுதியை ஜாக்கியை மாத்திரம் நம்பாமல் உறுதியான ஸ்டாண்டின்மேல் இருத்திய பிறகே வண்டிக்கு அடியில் கைநீட்டவேண்டும்.

எந்தப் பக்கத்துத் தண்டு முறிந்தது என்று ஐயம் இருந்தால் ஒரு சோதனை உண்டு. இரு பின் சக்கரங்களையும் தரையிலிருந்து தூக்கி, கைபிரேக்கை இறுக்கிக்கொண்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால், தண்டுகள் நலமாயிருக்கும் பட்சத்தில் மறுசக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். மறுசக்கரம் சும்மா நின்றால் தண்டுகளில் ஒன்று முறிந்திருக்கிறது. முழு மிதவை அச்சில் இதற்கும் அவசியமில்லை. சக்கரத்தைக் கழற்றாமலே, வண்டி தரையில் நிற்கும்போதே, ஹப்பின் நடுவிலுள்ள விளிம்புத் தட்டின் ஆறு போல்ட்டுகளை அவிழ்த்துத் தண்டை வெளியே இழுத்துப் பார்த்துவிடலாம். பூட்டு இறுகியிருந்தால் தட்டில் திருகுத்துளைகள் உள்ள வண்டிகளில் இரண்டு போல்ட்டுகளை அவற்றில் சமமாகத் திருகினால் தட்டு தானே விலகும். உளியை இடையே செருகி அடிப்பதால் பொருந்தும் முகங்கள் காயப்படும். வேலை செய்யும் பக்கத்தைச் சற்று உயர்த்திவைத்தால், கூட்டிலுள்ள எண்ணெய் மறுபக்கம் சாய்ந்து, வெளியே வழிவது குறையும்.

வெளிப்பாதி எளிதில் வந்துவிடும். சிரமம் உள்ளே நிற்கும் துண்டில்தான். முறிவு குழாயின் நடுவில் நேர்ந்திருந்தால், நீண்ட கம்பியின் முனையில் வலிய காந்தத்தையோ, சுருக்குக் கம்பியையோ கட்டி அதை வெளியே கொணரலாம். துண்டு ஸ்ப்லைன் பற்களுக்குள்ளேயே இறுகி நின்றால், அச்சுக்கூட்டின் பின்மூடியைத் திறந்து டிஃபரன்ஷியலின் உள்ளிருந்து அதை எடுப்பதே நேர்வழி. வெளிப்பாதியை மாத்திரம் எடுத்து மீதியை உள்ளேயே விட்டுவிட்டுப் புதிய தண்டைச் செருக முயல்வதோ, உலோகச் சிதறலைக் கவனியாமல் மூடிவிடுவதோ மன்னிக்க முடியாத அலட்சியம். முறிந்தபோது உதிர்ந்த சிறு எஃகுத் துணுக்கு ஒன்று கிரவுன் வீலின் பற்களுக்கிடையே அகப்பட்டால், தண்டின் விலையைப்போல் பல மடங்கு நஷ்டம் நேரும். ஆகவே பழைய எண்ணெயை முழுவதும் வடித்து, கூட்டைக் கழுவி, முறிந்த இரு துண்டுகளையும் ஒன்றோடொன்று பொருத்தி, எங்கும் ஒரு சில்லும் குறையவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ளவேண்டும்.

புதிய தண்டை வாங்கும்போது இடதா வலதா என்று சொல்லிக் கேட்கவேண்டும். ஜீப்பின் பின் டிஃபரன்ஷியல் நடுவில் இராமல் வலப்புறம் ஒதுங்கியிருப்பதால், இடத்தண்டு நீளமானது, வலத்தண்டு குட்டையானது. பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து நீளம், விட்டம், ஸ்ப்லைன் பற்களின் எண்ணிக்கை மூன்றையும் ஒப்பிடவேண்டும். செருகும்போது தண்டின் பாரத்தைக் கையால் தாங்கி, எண்ணெய்ச் சீலின் உதடு கிழியாமல் மெல்ல உள்ளே தள்ளி, சற்றே திருப்பினால் பற்கள் பொருந்தும். சுத்தியலால் அடித்து ஏற்றுவது கூடாது. பழைய சீல் கசிந்திருந்தால் கியர் எண்ணெய் ஹப்பின் பேரிங் கிரீஸைக் கரைத்து பிரேக் ஷூவரை சென்றிருக்கும். அதையும் பார்த்துச் சீலையும் காஸ்கெட்டையும் புதிதாக்கவேண்டும். தட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, சமமாக இறுக்கி, சிறிது தூரம் ஓட்டியபின் மறுபடியும் இறுக்கவேண்டும். தளர்ந்த போல்ட்டுகளே அடுத்த முறிவின் முன்னோடிகள். கடைசியில் கூட்டில் உரிய கியர் எண்ணெயை நிரப்புதுளை மட்டத்துக்கு ஊற்றினால் வேலை பூர்த்தியாகும்.

அரை மிதவை அச்சில் இதைவிட அதிக வேலை உண்டு. கூம்பு முனையில் சாவிக்கட்டையோடு பூட்டிய ஹப்பை, பெரிய நட்டை அவிழ்த்துப் புல்லர் கொண்டு இழுத்தெடுத்து, பிரேக்கின் பின்தட்டைக் கழற்றி, பேரிங்குடன் தண்டை உருவவேண்டும். திரும்பப் பூட்டும்போது பேரிங்கின் முனை இடைவெளியை மெல்லிய ஷிம் தகடுகளால் கணக்காக அமைக்கவேண்டும். கூம்பும் ஹப்பின் துளையும் எண்ணெய்ப் பசையின்றித் துடைக்கப்பட்டு, ஒன்றையொன்று முழுமையாகப் பற்றவேண்டும். பற்றுதல் குறைந்தால் விசை முழுவதும் சாவிக்கட்டையின் மேல் விழும். சாவிப்பள்ளத்தின் கூரிய மூலையிலேயே, ராங்கின் 1843இல் எச்சரித்தபடி, களைப்பு விரிசல் பிறக்கும்.

முறிந்த தண்டை வெல்டிங் வைத்துப் பூட்டுவது சிக்கனம் என்று எண்ணுவோர் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். வெல்டிங்கின் வெப்பம், பட்டறையில் கணக்காக ஊட்டிய பதத்தை அழித்து, பற்றுக்கு அருகில் நொறுங்கும் பட்டை ஒன்றை உண்டாக்கிவிடுகிறது; சமதரையில் அது சில நாள் ஓடலாம், மலையில் பாரத்தோடு ஏறும்போது நிச்சயம் கைவிடும். அதற்கு நேர்மாறாக, முறியவே முறியாத தடித்த தண்டு வேண்டுமென்று தேடுவதும் விவேகமாகாது. யந்திரத்தில் ஏதாவது ஓர் உறுப்பு முதலில் தளரவேண்டும் என்றால், ஆறு போல்ட்டுகளை அவிழ்த்து மாற்றத்தக்க தண்டு தளருவதே நலம். அது விட்டுக்கொடுக்காவிட்டால், அதே அதிர்ச்சி டிஃபரன்ஷியலின் பற்களையும் கிரவுன் வீலையும் தாக்கும்.

ஆதலால் ஜீப்பையோ அதன் இனத்து வேறு வண்டியையோ வைத்து மலையிலும் காட்டிலும் பிழைக்கிறவர்கள் ஒரு வழக்கத்தைக் கைக்கொள்ளவேண்டுமென்று வேண்டிக்கொள்ளுகிறோம். உரிய அளவுள்ள தண்டு ஒன்றை இருப்பில் வையுங்கள். முறிந்த தண்டைப் பழைய இரும்புக்கடைக்கு அனுப்புமுன் அதன் முகத்தைப் படியுங்கள். முறிந்த இடத்தையும் அதன் தோற்றத்தையும், வண்டி அப்போது சுமந்திருந்த பாரத்தையும், இருந்த கியரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவையுங்கள். இரண்டாவது தண்டும் அதே இடத்தில், அதே விதமாக முறியுமானால், குற்றம் தண்டில் இல்லை. அச்சுக்கூட்டிலோ, பூட்டிய முறையிலோ, ஓட்டும் முறையிலோ இருக்கிறது. அதைத் திருத்திய பிறகே மூன்றாவது தண்டை வாங்குங்கள்.